பிள்ளையின் சம்பளம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சாப்ளினின் ‘தி கிட்’ பார்த்தேன். அந்தச் சிறுவன் ஜாக்கி கூகன் பிறகு என்ன ஆனார்? குழந்தை நட்சத்திரங்கள் வளர்ந்ததும் ஏன் மங்கிப்போகிறார்கள்? என் அக்கா மகளுக்கு ஏழு வயது. சீரியலில் நடிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தச் சம்பளத்தில் ஒரு மனை வாங்கிவிடலாம் என்கிறாள் அக்கா. பிற்காலத்தில் இந்த நடிப்பு அவளுக்கு உதவுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மங்கிப்போவதில் மர்மம் எதுவும் இல்லை. குழந்தை முகத்துக்காகக் கூப்பிட்டார்கள், முகம் மாறியதும் விட்டுவிட்டார்கள். கூகன் அப்படியொன்றும் காணாமல் போகவில்லை. 1964இல் ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’ தொலைக்காட்சித் தொடரில் மொட்டைத்தலை மாமாவாக வந்து இன்னொரு தலைமுறையைச் சிரிக்கவைத்தார்.

என்னைத் தைத்தது நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்த மனைதான்.

படத்தில் அநாதை விடுதிக்குக் கொண்டுபோகப் பையனை வண்டியில் தூக்கிப்போட்டதும் இரண்டு கைகளையும் நீட்டிக் கதறுவானே, அதை எடுக்கும்போது அவனுக்கு அழுகையே வரவில்லையாம். ‘அழாவிட்டால் நிஜமாகவே விடுதிக்கு அனுப்பிவிடுவேன்’ என்று அப்பாதான் மிரட்டி அழவைத்தார் என்று சாப்ளின் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அப்படி அழுதும் சிரித்தும் அந்தப் பிள்ளை சம்பாதித்தது முப்பது நாற்பது லட்சம் டாலர் இருக்கும் என்பார்கள். 1935இல் கார் விபத்தில் அப்பா இறந்தார். பணத்தைக் கவனித்துவந்த மேலாளரையே அம்மா மணந்துகொண்டார். வயது வந்த மகன் தன் பணத்தைக் கேட்டபோது, மைனர் பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்குச் சொந்தம் என்றார்கள். அன்றைய கலிஃபோர்னியா சட்டமும் அவர்கள் பக்கம்தான். 1938இல் பெற்ற தாய்மேல் வழக்குப் போட்டார். கைக்கு வந்தது சுமார் 1,26,000 டாலர். குழந்தை நடிகர்களின் சம்பளத்தைப் பாதுகாக்க மறு வருடம் அந்த மாநிலம் கொண்டுவந்த சட்டத்துக்கு இன்றும் கூகன் சட்டம் என்றுதான் பெயர்.

நம் நாட்டிலும் 2017 முதல் விதி இருக்கிறது. குழந்தையிடம் ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அவள் பெயரில் ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் போட வேண்டும். எனக்கு இது போதாது. மீதி 80 யாருடைய உழைப்பு?

ஒரு படப்பிடிப்பில் இரவு பத்து மணிக்கு மேல், மேக்கப்போடு பிளாஸ்டிக் நாற்காலியில் தூங்கிப்போன சிறுமியை அவள் அம்மா ஈரத்துணியால் முகம் ஒற்றி எழுப்பியதைப் பார்த்திருக்கிறேன். ‘ஒரே ஒரு ஷாட்டுடா கண்ணு.’ அவர் கொடுமைக்காரி இல்லை. வீட்டில் கடன் இருந்திருக்கும். அதற்காக, அதை அந்தப் பிள்ளையா அடைக்க வேண்டும்?

நீங்கள் அவளுடைய சித்தி. நடிப்பு உதவுமா என்று எனக்குக் கடிதம் எழுதத் தெரிகிறது, பத்திரம் யார் பெயரில் என்று அக்காவிடம் கேட்கத் தோன்றவில்லையா? உங்களுக்குக் கூச்சமாக இருக்கும், புரிகிறது. இருந்தாலும் கேளுங்கள். மனை வாங்கட்டும், அவள் பெயரிலேயே வாங்கட்டும். முதல் சம்பளம் வந்ததும் டெபாசிட் ரசீதையும் கேட்டுப் பாருங்கள். அக்கா கோபித்துக்கொண்டால் எனக்கு எழுதுங்கள், நானே அவரிடம் பேசுகிறேன்.