குச்சி முனையில் குறைய வேண்டிய நாலு கிராம்

(பில்லியர்ட்ஸ் வகை ஆட்டமான பூல் (pool) ஆடும் குச்சி பற்றி வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும்)

சைடு வைத்து, அதாவது பந்தின் பக்கவாட்டில் அடித்தால் வெள்ளைப் பந்து குறி வைத்த கோட்டை விட்டு விலகிப் போகிறது. சாதாரண மேப்பிள் மர ஷாஃப்ட்தான் (குச்சியின் முன்பாதி) வைத்திருக்கிறேன். விலை கூடிய ஷாஃப்ட் வாங்காமல் இதையே சரிசெய்ய முடியுமா அண்ணாச்சி?
– வாசகர், பாளையங்கோட்டை

விலகலை முழுக்க ஒழிக்க முடியாது, குறைக்க முடியும். பந்தின் வலப்பக்கம் டிப் (முனையில் ஒட்டிய தோல்) பட்டால் பந்து இடப்பக்கம் தள்ளப்படும், இடப்பக்கம் பட்டால் வலப்பக்கம். இந்த விலகல் 2 டிகிரி என்றால் ஒரு மீட்டர் தள்ளிப் போவதற்குள் 35 மில்லிமீட்டர் தப்பிவிடும். பூல் பந்தின் விட்டம் 57 மில்லிமீட்டர். பாதிப் பந்துக்கு மேல் போயிற்று.

டிப் பந்தைத் தொட்டிருப்பது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நொடிதான். அந்த நேரத்துக்குள் பக்கவாட்டு அதிர்வு முனையிலிருந்து ஐந்தாறு அங்குலம், மிஞ்சினால் எட்டு அங்குலம் போகும். அதற்குப் பின்னால் இருக்கும் மரமும் பட் (butt) என்கிற பின்பாதியும் அந்தத் தள்ளுமுள்ளில் சேர்வதே இல்லை. அதனால் குச்சியின் மொத்த எடையைப் பார்த்துப் பயனில்லை, முனைப் பக்கத்து எடைதான் கணக்கு. 1994-இல் வந்த பிரிடேட்டர் 314 ஷாஃப்டும் முனையை இலேசாக்கித்தான் விலகலைக் குறைத்தது.

13 மி.மீ. ஷாஃப்டில் முனையிலிருந்து 15 செ.மீ. மரம் ஏறக்குறைய 14 கிராம். டிப்புக்கு அடியில் இருக்கும் ஃபெரூல் வளையத்தையும் டிப்பையும் சேர்த்தால் 16 கிராம் வரும். அதில் நாலு கிராம் குறைத்தால் கால்வாசி. முழு ஷாஃப்டே 110 கிராம் சுமாருக்கு இருக்கும் என்பதால் கையில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

அந்த நாலு கிராமை எங்கே எடுப்பது? முனையில் துளை போடச் சொல்கிறார்களே?
– வாசகர், வண்ணார்பேட்டை

துளையைக் கடைசியில் பார்ப்போம். முதலில் ஃபெரூல்.

பழைய ஷாஃப்ட்களில் ஃபெரூல் 25 மி.மீ. நீளம் இருக்கும். உள்ளே 8 மி.மீ. தடிமனில் மரத்தண்டு ஓடும். மெலமைன் வகை ஃபெரூல் மேப்பிளைப்போல இரண்டு மடங்கு கனம். டிப்பை பிளேடால் எடுத்துவிட்டு, ஃபெரூலின் அடியிலிருந்து 8 மி.மீ. மட்டும் விட்டு மீதியை உள்தண்டோடு சேர்த்து அறுத்துவிடுங்கள். ஒரு கிராமுக்குச் சற்று மேல் குறையும், ஷாஃப்ட் 17 மி.மீ. குட்டையாகும். அறுத்த முகம் சரியாக 90 டிகிரி இருக்க வேண்டும். லேத்தில் முகம் பிடிப்பது நல்லது. முகம் சாய்ந்தால் டிப் ஒரு பக்கம் தூக்கி நிற்கும், எத்தனை முறை மாற்றினாலும் கழன்று வரும்.

ஃபெரூலே இல்லாமல் விடலாமா என்றால், வேண்டாம். ஒவ்வோர் அடிக்கும் மர நார் முனையில் விரிந்து பிளக்கும். 8 மி.மீ. வளையம் அதைப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் ஒரு மி.மீ. ஃபைபர் பேட் ஒட்டி, அதற்கு மேல் டிப்.

இரண்டாவது, ஷாஃப்டின் விட்டம். 13-லிருந்து 11.75 மி.மீ.க்கு இறக்கினால் முன் 15 செ.மீ.யில் இரண்டரை கிராம் குறையும். ஒரே மூச்சில் இறக்க வேண்டாம். 12.25-இல் நிறுத்தி ஒரு வாரம் ஆடிப் பாருங்கள். எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க வழியில்லை. முனையிலிருந்து 30 செ.மீ. வரை ஒரே அளவாக இறக்கி, அங்கிருந்து 45 செ.மீ.க்குள் பழைய தடிமனோடு இழைய விடுங்கள். முனையை மட்டும் மெலித்தால் குச்சியைத் தாங்கும் பிரிட்ஜ் கையில் ஒரு மேடு தட்டுப்படும். விட்டம் அளக்கும் வெர்னியரை இரண்டரை செ.மீ.க்கு ஒருமுறை வைத்து அளவை எழுதிக்கொண்டே வர வேண்டும். 11.5-க்குக் கீழே போனால் பலமாக அடிக்கும்போது குச்சி துவளும். எங்களுக்கு அது பிடிப்பதில்லை.

இப்போது துளை. 3 மி.மீ. துளையை 125 மி.மீ. ஆழம் போட்டால் குறைவது 0.6 கிராம்தான். 6 மி.மீ. போட்டால் இரண்டரை கிராம் குறையும், ஆனால் 8 மி.மீ. தண்டில் சுவர் ஒரு மி.மீ.தான் மிஞ்சும். ஆட்டம் தொடங்கப் பலமாக அடிக்கும் முதல் பிரேக் ஷாட்டிலேயே விரிசல் விடலாம். நீளமான பிட் நாரோட்டத்தின் போக்கில் சாயவும் செய்யும். துளை ஒரு மி.மீ. ஒதுங்கினால் குச்சியை உருட்டிப் பிடிக்கிற பக்கத்துக்கு ஏற்ப விலகல் மாறும். பிறகு எதை நம்பிக் குறி வைப்பது? போட்டே தீர வேண்டும் என்பவர் 3 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்ளட்டும். 5 மி.மீ.க்கு ஒருமுறை பிட்டை வெளியே இழுத்துத் தூளைத் தட்ட வேண்டும். துளைக்குள் பசையை ஊற்றி அடைத்தால் எடுத்த எடை திரும்ப வந்துவிடும்.

அம்பாசமுத்திரத்தில் சொப்பு கடைகிற பட்டறை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே கொடுத்து ஷாஃப்டை மெலியச் செய்யலாமா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

கைத்திறனில் குறையில்லை, ஆனால் வேலை வேறு. சொப்பு கைக்குள் அடங்குகிற குட்டை மரம். ஷாஃப்ட் 29 அங்குலம். இரு முனையில் பிடித்துச் சுழற்றி நடுவில் உளியை வைத்தால் மரம் உளிக்குப் பயந்து வளைந்துகொடுக்கும். நடு தடித்தும் ஓரம் மெலிந்தும் போகும். அதனால் உளியே கூடாது, உப்புத்தாள் மட்டும். நடுவில் ஒரு தாங்கி வேண்டும், சுழற்சி மெதுவாக இருக்க வேண்டும். 240 எண் தாளில் தொடங்கி 400, 600. தாளை ஒரே இடத்தில் அழுத்தினால் சூடேறி ஃபெரூல் பசை இளகும். பின்பாதியோடு பூட்டுகிற ஜாயின்ட் பக்கத்தை நேராக லேத்தின் சக்கில் (பிடியில்) கடிக்க விடாதீர்கள், அதன் மரை அளவுக்கு ஒரு போல்ட்டைக் கடைந்து கொண்டுபோய் அதில் மாட்டச் சொல்லுங்கள். அரக்கு ஏற்ற வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழக்கத்தில் ஏற்றிவிட்டால் பிரிட்ஜ் கையில் ஒட்டும்.

என்னுடையது ஸ்னூக்கர் குச்சி. ஆஷ் மரம், பித்தளை ஃபெரூல். இதற்கும் இதே வைத்தியமா?
– வாசகர், களக்காடு

9.5 மி.மீ. முனை ஏற்கெனவே மெலிவுதான், மரத்தைத் தொடாதீர்கள். பித்தளை மட்டும் மரத்தைப்போலப் பன்னிரண்டு மடங்கு கனம். 12 மி.மீ. நீளம் இருந்தால் 8 ஆக்குங்கள், போதும்.

சாரல் நேரத்தில் செய்யலாமா?
– வாசகர், தென்காசி

தாள் தேய்த்த அன்றே பூச்சு போட முடியுமானால் செய்யலாம். தேய்த்த மேப்பிள் வாய் திறந்த மரம். ஜூன், ஜூலை ஈரக்காற்றில் ஒரு ராத்திரி கிடந்தால் நார் எழும்பிச் சொரசொரக்கும், கோணவும் கோணும். பெயின்ட் கடையில் கிடைக்கும் சாண்டிங் சீலரை மெல்லியதாக இரண்டு கை பூசி, காய்ந்ததும் 1000 தாளால் தடவி, தோல் துண்டால் அழுத்தித் துடையுங்கள். சுவரில் சாய்த்து வைக்காதீர்கள்.

வேலை முடிந்தபின் உண்மையில் குறைந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், மேலப்பாளையம்

வேலைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை சோதியுங்கள். வெள்ளைப் பந்தையும் இன்னொரு பந்தையும் ஒரு மீட்டர் இடைவெளியில் நேர்கோட்டில் வையுங்கள். நடுவில் குறி பிடித்து, பிரிட்ஜ் கையை அசைக்காமல் பின்கையை மட்டும் நகர்த்தி டிப்பை வலப்பக்கம் கொண்டுபோங்கள். குச்சியைத் தரைமட்டமாக வைத்து வேகமாக அடியுங்கள். மெதுவாக அடித்தால் பந்து துணியில் வளைந்து கணக்கைக் கெடுக்கும். பந்து வலப்பக்கமாகப் போய்ப் பட்டால் பிரிட்ஜை (அந்தக் கைக்கும் பந்துக்கும் உள்ள தூரத்தை) நீட்டுங்கள், இடப்பக்கமானால் குறையுங்கள். முழுப்பந்தாக மோதுகிற பிரிட்ஜ் நீளம்தான் அந்த ஷாஃப்டின் அளவு. வேலைக்குப் பின் அந்த நீளம் கூடியிருந்தால் விலகல் குறைந்திருக்கிறது.

முதல் சில நாள் வலது சைடு அடிகள் எல்லாம் வலப்பக்கமாகவே தப்பும். ஷாஃப்டைக் குறை சொல்ல வேண்டாம், பழைய விலகலுக்கு ஈடாகக் கண் ஒதுக்கிக் குறிவைத்த இடம் இன்னும் மாறவில்லை, அவ்வளவுதான்.