மகள் தத்துவம் படிக்கிறேன் என்கிறாள்: புதுச்சேரி அப்பா ஒருவருக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

உங்கள் கவலை புரிகிறது. மகள் லிசே என்ற பிரெஞ்சு மேல்நிலைப் பள்ளியில் தெர்மினால் எனும் கடைசி வகுப்பு, கணக்கில் நல்ல மதிப்பெண், வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. பொறியியலா, வணிகப் பள்ளியா என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போது, நவீன அரசியல் தத்துவத்தில் ஆய்வாளர் ஆகப் போகிறேன் என்கிறாள். "இது சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். ஆனால் அவள் ஆசைப்படும் பேராசிரியர் நாற்காலி வர நாற்பது வயது ஆகலாம். அதுவரை பெரும்பாலும் பள்ளிக்கூட வாத்தியார் வேலைதான். இதை அவளும் தெரிந்துகொண்டு இறங்கட்டும்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் தத்துவம் என்பது யாரோ நாலு பேர் விருப்பத்துக்குப் படிக்கிற பாடம் அல்ல. பொதுப் பிரிவில் பக் என்ற பள்ளி இறுதித் தேர்வை எழுதும் ஒவ்வொரு மாணவரும் தெர்மினாலில் வாரம் நாலு மணி நேரம் தத்துவம் படித்தாக வேண்டும், முடிவில் நாலு மணி நேரத் தேர்வும் எழுத வேண்டும். அதனால் நாட்டின் எல்லா லிசேக்களிலும் தத்துவ ஆசிரியர்கள் தேவை. அவர்கள் அரசு ஊழியர்கள். இந்தத் துறையில் காலை ஊன்றி நிற்க இருக்கும் தரை இதுதான்.

இந்தப் பாதை எப்படிப் போகும் என்பதற்கு அரசியல் தத்துவ அறிஞர் பியேர் மனான் நல்ல உதாரணம். 1949-ல் துலூசில் பிறந்தவர். அங்கேயே உயர்கல்விப் போட்டித் தேர்வுகளுக்கான ஆயத்த வகுப்பு, பிறகு பாரிசில் உல்ம் தெருவிலுள்ள எக்கோல் நொர்மால் சுப்பேரியர் என்ற உயர்கல்விப் பள்ளி, தத்துவத்தில் அக்ரெகாசியோன் என்ற ஆசிரியர் பணிக்கான தேசியப் போட்டித் தேர்வு. கொலேஜ் தெ பிரான்ஸ் என்ற பாரிஸ் உயர் ஆய்வு நிலையத்தில் அறிஞர் ரேமோன் அரோனுக்கு உதவியாளராகச் சேர்ந்தார். மாக்கியவெல்லி, ஹாப்ஸ், ரூசோ பற்றிய முதல் நூல் 1977-ல், தோக்வில் பற்றிய நூல் 1982-ல். 1978-ல் அரோன் தொடங்கிய 'கொமான்தேர்' இதழில் முதலிலிருந்தே இருந்தார். பாரிசின் சமூக அறிவியல் உயர்கல்வி நிலையத்தில் ஆய்வு இயக்குநர் பதவி கிடைத்தது 1992-ல். முதல் நூலுக்கும் அந்தப் பதவிக்கும் இடையே பதினைந்து ஆண்டுகள் என்பதைக் கவனியுங்கள். பேரும் அறிவும் இல்லாததால் வந்த தாமதம் அல்ல. இந்தத் துறையின் நடை அப்படி.

அவருடைய ஆசான் அரோனே பெரிய விதிவிலக்கு இல்லை. 1928-ல் அக்ரெகாசியோனில் நாட்டிலேயே முதலிடம். (அதே ஆண்டு தத்துவ அறிஞர் சார்த்ர் அதில் தோற்றார், அடுத்த ஆண்டு முதலிடத்தில் வந்தார். மகள் ஒரு தேர்வில் தோற்றால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) இருந்தும் அரோன் லெ ஆவ்ரில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர். முனைவர் ஆய்வேடு 1938-ல், சோர்போன் பல்கலைக்கழகத்தில் பதவி 1955-ல், கொலேஜ் தெ பிரான்சில் நாற்காலி 1970-ல். இடையில் 'பிகாரோ' நாளிதழில் முப்பது ஆண்டு எழுதினார். அரசியல் தத்துவம் படித்தவருக்குப் பத்திரிகையும் ஒரு பிழைப்புதான், அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

சரி, உங்கள் மகளுக்கு என்ன வழி? பக்குக்குப் பிறகு இலக்கியப் பிரிவு ஆயத்த வகுப்பு இரண்டு ஆண்டு. முதலாண்டுக்கு இப்போகான்ய், இரண்டாம் ஆண்டுக்குக் கான்ய் என்று பெயர். இதில் ஏ/எல், பி/எல் என்று இரண்டு வகை. ஏ/எல்-லில் மொழி, இலக்கியம், வரலாறு, தத்துவம். பி/எல்-லில் இவற்றோடு கணக்கும் பொருளாதாரமும் சமூகவியலும் சேரும். அவளுக்குக் கணக்கு வரும் என்கிறீர்கள், அதனால் என் ஓட்டு பி/எல்-லுக்கு. அரசியல் தத்துவம் படிக்கிறவளுக்குப் பொருளாதாரம் வீண் போகாது. மனம் மாறினால் புள்ளியியல் பள்ளிக்கோ வணிகப் பள்ளிக்கோ சியான்ஸ் போ என்ற அரசியல் கல்வி நிலையத்துக்கோ அதே வகுப்பிலிருந்து திரும்பலாம். உங்கள் பயத்தில் பாதி இந்த ஒரு முடிவிலேயே குறைந்துவிடும் என்று நினைக்கிறேன். அவள் ஏ/எல்-தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் சண்டை போடாதீர்கள், அதுவும் நல்ல வகுப்பே.

அந்த இரண்டு ஆண்டுகளில் வீட்டுக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் சுகமாக இருக்காது. லிசேயில் இருபதுக்குப் பதினேழு வாங்கிய பிள்ளைக்கு முதல் கட்டுரையில் ஆறோ ஏழோ வரும். வாரா வாரம் வாய்மொழித் தேர்வு வேறு. அது அங்கே வழக்கம், பிள்ளை மந்தமாகிவிட்டாள் என்று அர்த்தமில்லை. பெற்றோர் பலர் இந்த இடத்தில்தான் பதறிப்போய்ப் பிள்ளையைத் திருப்பி அழைக்கப் பார்க்கிறார்கள். முதல் ஆண்டு முடியும் வரையாவது பொறுங்கள். எழுதிய கட்டுரையைத் திருத்தித் திருத்தி எழுதும் பழக்கம் அங்கேதான் வருகிறது. இடையில் நின்றாலும், படித்த ஆண்டுக்கு உரிய புள்ளிகளோடு பல்கலைக்கழகத்தின் லிசான்ஸ் என்ற இளங்கலைப் படிப்புக்கு மாறிக்கொள்ளலாம்.

உல்ம் தெருப் பள்ளியின் ஏ/எல் போட்டியில் நாடு முழுவதுக்கும் சுமார் 75 இடங்கள், பி/எல்-லுக்கு 25. அதனால் அதை நம்பி வாழ்க்கைத் திட்டம் போட முடியாது. லியோனிலும் ஓர் எக்கோல் நொர்மால் உண்டு. கிடைத்துவிட்டால் பணக் கவலை தீர்ந்தது. போட்டித் தேர்வில் வென்ற ஐரோப்பியக் குடியுரிமை உள்ள மாணவர்களுக்கு நாலு ஆண்டு அரசு சம்பளமே தருகிறது. பதிலுக்கு, படிக்கும் காலத்தையும் சேர்த்துப் பத்தாண்டு பொதுத்துறையில் பணிபுரிய ஒப்புக்கொள்ள வேண்டும்.

கிடைக்காவிட்டால் தத்துவ அறிஞர் மர்செல் கொஷேயைப் பாருங்கள். நொர்மாந்தியில் ஒரு கிராமத்துப் பையன். அப்பா சாலைப் பராமரிப்புத் தொழிலாளி, அம்மா தையல்காரி. தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சிக்குப் போனவர், பிறகு கான் பல்கலைக்கழகத்தில் தத்துவ அறிஞர் குளோத் லெபோரிடம் படித்தார். 'லெ தெபா' இதழை நாற்பது ஆண்டு நடத்தியவர்களில் ஒருவர், மனான் பணியாற்றிய அதே உயர்கல்வி நிலையத்தில் ஆய்வு இயக்குநரும் ஆனார். நல்ல பல்கலைக்கழகத்தில் நல்ல ஆசிரியர் ஒருவர் வாய்த்தால் போதும் என்று சொல்ல வரவில்லை. இன்றைக்குப் போட்டி அன்றைவிடக் கடுமை. ஆனால் உல்ம் தெரு இல்லாவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பாரிஸ் உறவினர்கள் சொன்னால் நம்ப வேண்டாம்.

முதுகலைக்குப் பிறகு வருகிற முடிவில் நான் கறாராக இருப்பேன்: அக்ரெகாசியோன் முதலில், முனைவர் ஆய்வு அப்புறம். பிள்ளைகளுக்கு இது பிடிக்காது. ஆய்வுத் தலைப்பு கையில் இருக்கும்போது இன்னொரு போட்டித் தேர்வா என்பார்கள். தேர்வும் லேசுப்பட்டதல்ல. எழுத்துத் தேர்வு மூன்று: ஏழு மணி நேரம், மீண்டும் ஏழு மணி நேரம், அப்புறம் ஆறு. தேறினால் வாய்மொழி. அதில் ஒரு பகுதிக்கு 'லெசோன்' என்று பெயர். சீட்டில் ஒரே ஒரு சொல்லோ கேள்வியோ வரும். நூலகத்தில் ஐந்து மணி நேரம் தயாரித்துவிட்டு, நடுவர்கள் முன் ஒரு முழுப் பாடமாக எடுக்க வேண்டும். 'கீழ்ப்படிதல்' என்ற ஒற்றைச் சொல் வந்தால் ஹாப்சிலிருந்து தொடங்குவதா, சாக்ரடீசின் சிறையிலிருந்தா என்று அவளே தீர்மானிக்க வேண்டும். வேற்றுமொழி நூல் ஒன்றை மொழிபெயர்த்து விளக்கும் தேர்வும் உண்டு. ஆங்கிலம், ஜெர்மன், லத்தீன், கிரேக்கம், இத்தாலியம், அரபு என அதில் தேர்வு செய்யலாம். தமிழ் இல்லை, என்ன செய்வது. புதுச்சேரிப் பிள்ளைக்கு ஆங்கிலம் கைவசம் இருக்கும். இப்போதே ஜெர்மனோ இத்தாலியமோ தொடங்கச் சொல்லுங்கள், காண்ட்டையும் மாக்கியவெல்லியையும் மூலத்தில் படிக்க உதவும்.

ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பதிவு செய்கிற இந்தத் தேர்வில் அண்மை ஆண்டுகளில் இடங்கள் நூற்றுக்கும் குறைவு. ஆனாலும் ஏன் வற்புறுத்துகிறேன்? வென்றவருக்கு லிசேயில் நிரந்தர வேலை, வாரம் பதினைந்து மணி நேர வகுப்பு. முனைவர் ஆய்வு ஒப்பந்தம் கிடைத்தால் பள்ளிப் பணியில் சேர்வதைத் தள்ளிப்போடவும் வழி உண்டு. அந்த ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்குத்தான். தத்துவ ஆய்வேடு மூன்று ஆண்டில் முடிவது அபூர்வம். அதற்குப் பிறகு வரும் இடைவெளியில் அக்ரெகாசியோன் இல்லாதவர்கள் படும் பாட்டை நிறையப் பார்த்தாயிற்று. கேப்ஸ் என்ற இன்னொரு ஆசிரியர் தேர்வும் இருக்கிறது. வகுப்பு நேரம் பதினெட்டு மணி, சம்பளம் குறைவு, அதுவும் நிரந்தரமே.

ஆய்வு முடிந்ததும் பல்கலைக்கழகத்தில் 'மெத்ர் தெ கொன்பெரான்ஸ்' என்ற விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கத் தேசியக் குழுவின் தகுதிச் சான்று வேண்டும். தத்துவம் 17-ஆம் பிரிவு, அரசியல் அறிவியல் 4-ஆம் பிரிவு. அரசியல் தத்துவக்காரர்கள் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிற ஆபத்து உண்டு. இவர் எங்கள் ஆள் இல்லை என்று இரு பக்கமும் சொல்லிவிடும். ஆய்வேட்டின் தலைப்பும் வழிகாட்டியும் எந்தப் பிரிவைப் பார்த்து நிற்கின்றன என்பதை முதலாண்டிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. பதவி கிடைத்தால் ஆண்டுக்கு 192 மணி நேரக் கற்பித்தல், தொடக்கச் சம்பளம் சட்டக் குறைந்தபட்ச ஊதியத்தின் இரு மடங்குக்குக் குறையாது. பேராசிரியர் ஆக அதற்கும் மேலே இன்னொரு ஆய்வுத் தகுதி வேண்டும். வெளிநாடும் ஒரு வழி. அரசியல் தத்துவ அறிஞர் பெர்னார் மனேன் சிகாகோவிலும் நியூயார்க்கிலும் கற்பித்தவர்.

இப்போது செய்ய வேண்டியது. பார்கூர்சுப் என்ற உயர்கல்விச் சேர்க்கை இணையதளத்தில் விருப்பங்கள் பதிவு மார்ச் நடுவோடு முடிந்துவிடும். ஆயத்த வகுப்பு என்ற ஒரே விருப்பத்தின் கீழ்ப் பத்து லிசே வரை சேர்க்கலாம், விடுதியோடும் விடுதி இல்லாமலும் கேட்கலாம். விடுதியோடு கேளுங்கள், பாரிசில் தனியறை வாடகை உங்களைத் தின்றுவிடும். பத்தையும் பாரிசிலேயே போடாதீர்கள், துலூசும் லியோனும் இருக்கட்டும். இரண்டு பல்கலைக்கழகத் தத்துவ லிசான்ஸையும் சேர்த்துவிடுங்கள். அரசு லிசேயில் ஆயத்த வகுப்புக்குக் கட்டணம் இல்லை என்றே சொல்லலாம். வருமானத்தைப் பொறுத்து வரும் உதவித்தொகைக்கான விண்ணப்பத்தை மே மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும். அப்புறம், அவளுடைய தத்துவ ஆசிரியரை ஒருமுறை நேரில் பாருங்கள். மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். அவள் கட்டுரையைத் திருத்திக் கொடுத்தால் வாங்கி மூடிவைக்கிறாளா, திரும்ப எழுதிக்கொண்டு வருகிறாளா என்று கேளுங்கள். வந்த பதிலை எனக்கு எழுதுங்கள், லிசேக்களின் பட்டியலை அதற்கேற்ப அமைத்துக்கொள்வோம்.