வாசகர் கேள்வி பதில்: கையால் பிசைந்து ஒரு பிரெட்

கேள்வி: மாவு பிசையும் மெஷின் இல்லை. கையால் பிசைந்தே பிரெட் செய்யலாமா? அளவோடு சொல்லுங்கள். – வாசகி, மதுரை

தாராளமாகச் செய்யலாம். ஆனால் கப் கணக்கு வேண்டாம், தராசு வாங்கிவிடுங்கள். மைதாவைத் தளர அள்ளினால் ஒரு கப் 120 கிராம், அமுக்கி அள்ளினால் 150. பிரெட் கெட்டுப்போக அந்த 30 கிராமே போதும்.

மைதா 400 கிராம், தண்ணீர் 250, சர்க்கரை 15, உப்பு 8, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4, வெண்ணெய் 20. வெண்ணெய் தவிர மற்ற எல்லாவற்றையும் உலர்ந்த மாவு தெரியாதபடி கலந்து, மூடி, 20 நிமிடம் விட்டுவிடுங்கள். மாவு தண்ணீரைக் குடித்து, குளூட்டன் (மாவை இழுபட வைக்கும் புரதம்) தானாகவே பிணையத் தொடங்கும். பிறகு வெண்ணெய் சேர்த்துப் பிசையுங்கள். சப்பாத்தி மாவு போல அமுக்கிப் பிசைந்தால் போதாது, மாவு இழுபட வேண்டும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் முன்னே தள்ளி, மடித்து, கால்வட்டம் திருப்பி, மறுபடி தள்ளுங்கள். 10 முதல் 12 நிமிடம் ஆகும். எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி விரித்தால், கிழியாமல் மெல்லிய ஜவ்வாக விரிந்து அதன் வழியே வெளிச்சம் தெரிய வேண்டும். சட்டென்று கிழிந்தால் இன்னும் பிசையுங்கள்.

மூடி வைத்து இரண்டு மடங்கானதும் காற்றை அமுக்கி, இறுக்கமாகச் சுருட்டி, எண்ணெய் தடவிய டின்னில் வையுங்கள். விளிம்புக்கு ஒரு விரற்கடை மேலே வந்ததும், 200 டிகிரியில் 15 நிமிடம் சூடாக்கிய ஓவனில் 30 முதல் 35 நிமிடம் சுடுங்கள்.

கேள்வி: மாவு கையில் ஒட்டுகிறது. மைதா தூவித் தூவிப் பிசைந்தால் பிரெட் கல்லாகிவிடுகிறது. – வாசகர், திருச்சி

காரணம் அந்தத் தூவல்தான். நான்கு கைப்பிடி தூவினால் 100 கிராம் வரை கூடிவிடும். அப்புறம் அந்த மாவில் ஈரம் ஏது? முதல் ஐந்து நிமிடம் எல்லா மாவும் ஒட்டத்தான் செய்யும். தோசைத் திருப்பியால் பலகையை வழித்து, கையில் துளி எண்ணெய் தடவிக்கொண்டு தொடருங்கள். இழை கட்டியதும் தானே கையை விடும்.

கேள்வி: டின்னில் அழகாக உப்பிய மாவு ஓவனில் போனதும் நடுவில் குழிந்துவிட்டது. கள் வாடையும் அடித்தது. புத்தகத்தில் சொன்னபடி ஒரு மணி நேரம்தான் வைத்தேன். – வாசகி, வேலூர்

மாவு அளவுக்கு மீறிப் புளித்துவிட்டது. குளிர்நாட்டுக் குறிப்புகள் 22, 24 டிகிரி அறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. உங்கள் மே மாதச் சமையலறையில் அதே வேலை பாதி நேரத்தில் முடிந்துவிடும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள். ஈர விரலால் லேசாக அழுத்தினால் குழி மெல்ல எழுந்து பாதியில் நிற்க வேண்டும், அதுதான் பக்குவம். உடனே எழுந்தால் பொறுங்கள். எழாமலே இருந்தால் டின்னில் விடாதீர்கள். வெளியே எடுத்து, அமுக்கிச் சுருட்டி மறுபடி உப்ப விட்டால் பெரும்பாலும் தப்பிக்கும். கோடையில் ஃபிரிட்ஜ் தண்ணீரில் பிசையுங்கள், ஈஸ்டை 3 கிராமாகக் குறையுங்கள்.

கேள்வி: முழுக்கக் கோதுமை மாவில் செய்யலாமா? – வாசகி, கோவை

முதல் பிரெட்டுக்கு வேண்டாம். தவிடு குளூட்டன் இழைகளை அறுப்பதால் உயரம் வராது. 400 கிராமில் 100 கிராம் மட்டும் கோதுமை மாவு சேர்த்து, தண்ணீரை 10, 15 கிராம் கூட்டிப் பழகுங்கள்.

கேள்வி: மேலே பொன்னிறம், உள்ளே பிசுபிசுப்பு. – வாசகர், சேலம்

சூடாக வெட்டினீர்களா? வெளியே எடுத்த பிறகும் உள்ளே ஸ்டார்ச் இறுகிக்கொண்டிருக்கும். டின்னிலிருந்து உடனே எடுத்து, கம்பித் தட்டில் ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். டின்னிலேயே விட்டால் ஆவி அடியை நனைத்துவிடும். ஆறியும் பிசுபிசுத்தால் வேகவில்லை என்று அர்த்தம். நடுவில் தெர்மாமீட்டர் 93 டிகிரியைத் தாண்ட வேண்டும். நிறம் சீக்கிரம் ஏறினால் மேலே அலுமினியத் தாள் மூடிச் சுடுங்கள். மீந்ததை ஃபிரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் வறண்டுபோகும். துண்டு போட்டு ஃப்ரீஸரில் வைத்து, தேவைப்படும்போது தோசைக்கல்லில் சூடாக்குங்கள்.