அம்மாவிடமிருந்து சமையலை வாங்கிவிடாதீர்கள்

அம்மாவுக்குப் பதிலாகச் சமைக்க ஆள் வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம், அம்மாவே சமைக்கட்டும். அப்பா இறந்தபிறகு சேலம் சூரமங்கலம் உழவர் சந்தைக்கும் போவதில்லை, குழம்புக்கு உப்புப் போட மறக்கிறார் என்கிறீர்கள். இருக்கும் வேலையும் போனால் இன்னும் முடங்கிவிடுவார்.

இது மனச்சோர்வாக இருக்கலாம். வயதானவர்களுக்கு அது அழுகையாக வராமல், மறதியாகவும் பசியின்மையாகவும் "உடம்பு முடியல" என்பதாகவும் வருவதுண்டு.

ஒருநாள் கூடவே சந்தைக்குப் போங்கள். கத்தரிக்காயை அவரே பொறுக்கட்டும், சில்லறையையும் அவரே எண்ணிக் கொடுக்கட்டும். நீங்கள் பையைப் பிடித்தால் போதும். எங்கே தடுமாறுகிறார் என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். அப்புறம் தைராய்டு, வைட்டமின் பி12 ரத்தப் பரிசோதனை அவசியம். இவை குறைந்தாலும் மறதி வரும்.

ஆனால் அடுப்பை அணைக்க மறந்தாலோ, தெரிந்த தெருவில் வழி தவறினாலோ, "இருந்து என்ன பயன்" என்றாலோ காத்திருக்காதீர்கள். உடனே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.