ஆவணியில் வந்திறங்கும் குருவிகள்: மலையக வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

ஆவணியும் புரட்டாசியும் மலையகத்தில் பறவை பார்ப்பவர்களைக் குழப்பும் மாதங்கள். இமயமலையிலும் சைபீரியாவிலும் குஞ்சு பொரித்த குருவிகள் ஒன்றிரண்டாக வந்திறங்கும். அதே நாட்களில் நம் ஊர்ப் பறவைகளின் இளசுகளும் தாய் தகப்பனின் நிறம் வராமல் சுற்றித் திரியும். அதனால் புதிதாக ஏதாவது கண்ணில் பட்டால் முதலில் கேட்க வேண்டியது “எங்கிருந்து வந்தது?” என்பதல்ல, “இது நம் ஊர்க் குருவிதானோ?” என்பதுதான். கீழே வரும் பதில்களில் பாதி இதைச் சுற்றியே இருக்கிறது.

லயத்துக் கூரையிலும் பீலிக்கரையிலும் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஒரு குருவி நடக்கிறது. அடிவயிறு மஞ்சள். போன வாரம் வரை இல்லை. (மஸ்கெலியா)

சாம்பல் வாலாட்டி. மலைக்கு முதலில் வந்து சேரும் வலசைக் குருவிகளில் இதுவும் ஒன்று. ஆகஸ்ட் கடைசியிலேயே ஓடைக்கரை, கான், தார் ரோட்டு ஓரம் என்று பார்க்கலாம். முதுகு சாம்பல், வால் உடம்பை விட நீளமாகத் தெரியும், வாலடி நல்ல மஞ்சள். இளம் பறவைக்கு நெஞ்சு வெளிறிப் போய் வாலடியில் மட்டும் மஞ்சள் இருக்கும். அதை வேறு இனமென்று எழுதிவிடாதீர்கள்.

இதில் ஒரு வசதி உண்டு. வாலாட்டிகள் எதுவும் நம் மலையில் கூடு கட்டுவதில்லை. ஆகவே எந்த வாலாட்டியைப் பார்த்தாலும் அது விருந்தாளிதான். புல்வெளியில் ஓடும், உடம்பெல்லாம் பழுப்புக் கீற்று விழுந்த நெட்டைக்காலியை மட்டும் இதோடு சேர்க்கக் கூடாது. அது ஊர்ப் பறவை. கொஞ்சம் பிந்தி, மர நிழலில் சருகு மேல் நடக்கும் இன்னொரு வாலாட்டி வரும். அது வாலை மேலும் கீழும் ஆட்டாது, பக்கவாட்டில் ஆட்டும். நெஞ்சில் இரண்டு கறுப்புப் பட்டை இருக்கும். அது கொடிக்கால் வாலாட்டி.

தேயிலை ஸ்டோர் பக்கத்துக் கரண்ட் கம்பியில் நூற்றுக்கணக்கில் தகைவிலான் உட்கார்ந்திருக்கிறது. சிலர் வருடம் முழுக்க இருக்கிறது என்கிறார்கள், சிலர் இப்போதுதான் வந்தது என்கிறார்கள். யார் சொல்வது சரி? (ஹட்டன்)

இரண்டு பேர் சொல்வதும் சரி. கம்பியில் இரண்டு வகை கலந்து உட்கார்ந்திருக்கலாம், சில சமயம் மூன்று.

மலைத் தகைவிலான் ஊர்ப் பறவை. ஸ்டோர் தாழ்வாரத்திலும் பங்களா விறாந்தையிலும் மண்ணால் அரைக்கிண்ணம் போலக் கூடு ஒட்டி வைப்பது இதுதான். தொண்டைச் செம்பழுப்பு நெஞ்சு வரை இறங்கும், அதற்குக் கீழே கறுப்புப் பட்டை கிடையாது. வயிறு அழுக்கு படிந்த சாம்பல் நிறம். வாலில் பிளவு உண்டு, கம்பி போல நீளும் இறகு கிடையாது.

வலசை வரும் தகைவிலானுக்குத் தொண்டைக்குக் கீழே நீலக் கறுப்பில் ஒரு பட்டை குறுக்கே ஓடும். வயிறு வெள்ளை. வளர்ந்த பறவைக்கு வாலின் இரு ஓரமும் கம்பி போல நீளும்.

பிழை நடப்பது வாலில்தான். செப்டம்பரில் வருபவற்றில் இளசுகள் நிறைய இருக்கும், அவற்றுக்கு வால் கம்பி வளர்ந்திருக்காது. வாலை மட்டும் பார்ப்பவர் எல்லாவற்றையும் மலைத் தகைவிலான் என்று எழுதிவிடுவார். வாலை விடுங்கள், நெஞ்சைப் பாருங்கள். இளசுக்கும் பட்டை இருக்கும், கறுப்புக்குப் பதிலாக மங்கிய பழுப்பாக இருக்கும். கரண்ட் கம்பிக்கு நேர் கீழே நின்றால் வயிறும் வாலடியும் தெரியும். வாலடி இறகில் கருமையான செதில் போன்ற வரி இருந்தால் மலைத் தகைவிலான்.

மூன்றாவது, கீழ்ப்பாகம் முழுவதும் செங்கல் சிவப்பாக இருக்கும் இலங்கைத் தகைவிலான். இது நம் நாட்டைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம். மதகுக்கு அடியில் குழாய் வைத்த மண்கூடு இதனுடையது. இருட்டும் நேரம் ஸ்டோருக்கு மேலே வட்டமிட்டு, கம்பியில் ஒருபோதும் உட்காராதவை உழவாரன்கள். அவை தகைவிலான் குடும்பமே அல்ல.

எண்ணும்போது முழுக் கூட்டத்தையும் ஒரே பெயரில் போடாதீர்கள். கம்பியில் ஐம்பதை ஒவ்வொன்றாகப் பார்த்து, எத்தனைக்குப் பட்டை இருந்தது என்று குறியுங்கள். மிச்சத்தை “தகைவிலான், இனம் தெரியவில்லை” என்று எழுதுவதில் ஒரு குறையும் இல்லை.

தேயிலை மலைக்கு நடுவில் நிற்கும் மரங்களின் உச்சியில் சின்னப் பச்சைக் குருவி ஒன்று ஓயாமல் பறக்கிறது. படம் எடுத்தால் எல்லாம் மங்கல். இது வெள்ளைக்கண்ணியா, கதிர்க்குருவியா? (ஹப்புத்தளை)

கூட்டமாக “சிர், சிர்” என்று பேசிக்கொண்டே போனால் வெள்ளைக்கண்ணி. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கும். தனியாக, சிறகைப் படபடவென்று உதறிக்கொண்டு, கண்ணுக்கு மேலே வெளிர் மஞ்சள் புருவக்கோட்டோடு இருந்தால் வலசை வந்த இலைக் கதிர்க்குருவி.

அதற்கு மேல் எந்தக் கதிர்க்குருவி என்பதற்குப் படத்தை விடக் காது உதவும். மலையில் நாம் பெரும்பாலும் சந்திப்பவை இரண்டு. பெரிய அலகுக் கதிர்க்குருவி இமயமலையிலிருந்து வருகிறது. அதன் கூப்பாடு இரண்டு சுரம், “டிர்-டீ” என்று இரண்டாவது உயர்ந்து நிற்கும். பச்சைக் கதிர்க்குருவி காக்கேசியா மலைப்பக்கத்திலிருந்து வருகிறது. அதன் கூப்பாடு வேகமாக உதிரும் மூன்று அசை. இலைக்கு நடுவே முகம் தெரியாவிட்டாலும் காலை ஆறரை மணிக்குப் பத்து நிமிடம் மரத்தடியில் நின்றால் ஒரு தடவையாவது குரல் கொடுக்கும். போனில் பதிவு செய்யுங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதி, நேரம், இடத்தை உங்கள் குரலிலேயே சொல்லிவிட்டால் பிறகு தேட வேண்டியதில்லை.

மஞ்சள் எவ்வளவு, பச்சை எவ்வளவு என்று நிறத்தை வைத்து இந்தப் பருவத்தில் தீர்ப்புச் சொல்வது ஆபத்து. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த இறகு தேய்ந்து மங்கியிருக்கும். குரல் கேட்காமல் போனால் “கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை” என்பதே நேர்மையான பதிவு.

கண்ணில் மை பூசின மாதிரி கறுப்புக் கோடு போட்ட பழுப்புக் குருவி, மரக்கறித் தோட்டத்து வேலிக் கம்பில் நின்று கரகரவென்று கத்துகிறது. (பண்டாரவளை)

பழுப்புக் கீச்சான். மலையில் பார்க்கும் கீச்சான் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். விடியும் போதும் பொழுது சாயும் போதும் கத்துவது தன் இடத்தைக் காக்க. ஒவ்வொன்றும் தனியாக ஒரு துண்டு நிலத்தைப் பிடித்துக்கொண்டு ஏப்ரல் வரை இருக்கும். இளசுக்கு விலாவில் மெல்லிய செதில் வரிகள் தெரியும். உச்சந்தலை சாம்பலாக இருந்தால் அதையும் குறிப்பில் சேருங்கள், அது வேறு உள்ளினமாக, அதாவது அதே இனத்தின் இன்னொரு கிளையாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 28ஆம் திகதி விக்டோரியா பூங்காவில் காஷ்மீர் ஈப்பிடிப்பானைப் பார்த்தேன் என்று அனுப்பினேன். நம்ப மறுக்கிறார்கள். (நுவரெலியா)

மறுக்கவில்லை, ஆதாரம் கேட்கிறார்கள். காஷ்மீரிலும் அதை ஒட்டிய வடமேற்கு இமயமலையிலும் மட்டும் இனப்பெருக்கம் செய்து, இலங்கை மலைகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பனிக்காலத்தைக் கழிக்கும் பறவை இது. நம்மிடம் அக்டோபரில்தான் எதிர்பார்க்கலாம். ஆகஸ்டில் வந்திருந்தால் அது செய்தி. செய்திக்குப் படம் வேண்டும்.

எழுதும்போது இவை குறிப்பில் இருந்தனவா என்று பாருங்கள். ஆண் என்றால் தொண்டையும் நெஞ்சும் செங்கல் சிவப்பு, அந்தச் சிவப்பின் ஓரத்தில் கறுப்புக் கரை. வால் கறுப்பு, அடிப்பக்கம் இரு ஓரமும் வெள்ளை. வாலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும். வாலில் வெள்ளை பார்த்தீர்களா என்பதுதான் முக்கியமான கேள்வி.

அதே பூங்காவில் ஆகஸ்டில் ஏமாற்றக்கூடியவை இரண்டு. பெண் புதர்ச்சிட்டு பழுப்பாக, இடுப்பு மட்டும் துருச் சிவப்பாக, வாலைத் துடிக்க வைத்துக்கொண்டு கம்பியில் நிற்கும். வாலில் வெள்ளை இல்லை. கறுப்பு வெள்ளைக் குண்டுக்கரிச்சானின் இளசுக்கு நெஞ்சில் பழுப்புப் புள்ளிகள் இருக்கும்.

அக்டோபர் கடைசியில் மறுபடி போங்கள், வாயில் திறந்ததும், கூட்டம் சேர்வதற்கு முன். ஓடைக்கரைக் குப்பை ஓரமாகப் பூங்குருவியும், புதருக்கு அடியில் வாலை நடுங்க வைத்தபடி இந்திய நீல ராபினும் கிடைக்கலாம். அங்கே போனில் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்காதீர்கள். எல்லாரும் அதே நாலு பறவைக்குத்தான் ஒலிக்கவிடுகிறார்கள், அவை இரை தேடும் நேரம்தான் பறிபோகிறது.

இரண்டு பழுப்பு ஈப்பிடிப்பான்களைப் பிரிக்க ஒரே ஒரு அடையாளம் சொல்லுங்கள். (கம்பளை)

கால். கறுப்பென்றால் ஆசியப் பழுப்பு ஈப்பிடிப்பான். வெளிர் மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு என்றால் பழுப்பு நெஞ்சு ஈப்பிடிப்பான். இரண்டாவதற்குக் கீழ் அலகும் மஞ்சள். முதலாவது வெட்டவெளிக் கிளையில் உட்காரும், இரண்டாவது காட்டோர நிழலில் தாழ்வாக, சத்தமில்லாமல் இருக்கும்.

தமிழர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயமும் இதில் உண்டு. பழுப்பு நெஞ்சு ஈப்பிடிப்பானின் அறிவியல் பெயர் மஸ்கிகாப்பா முத்துயி. 1854இல் பறவையியலாளர் லேயார்ட் இதை விவரித்தபோது, தமக்குப் பறவைகளைத் தேடிக் கொடுத்த பணியாளர் முத்துவின் பெயரையே வைத்தார்.

நீள வால் ஈப்பிடிப்பான் வெள்ளையாகவும் சிவப்பாகவும் வருகிறது. எது வலசை? (பதுளை)

வெள்ளை ஆண் வலசைதான். இங்கேயே வாழும் உள்ளினத்தில் ஆண் வெள்ளையாக மாறுவதில்லை. சிவப்பை வைத்து முடிவு சொல்ல முடியாது, ஏனெனில் வலசை வரும் பெண்ணும் இளம் ஆணும் சிவப்புத்தான்.

பார்த்ததை எங்கே, எப்படிப் பதிவது? (தலவாக்கலை)

போனில் ஈ-பேர்ட் செயலி இலவசம். நம் நாட்டில் இலங்கைக் களப் பறவையியல் குழுவும் சிலோன் பேர்ட் கிளப்பும் நெடுங்காலமாகப் பறவைக் குறிப்புகளைச் சேர்க்கின்றன. எங்கே அனுப்பினாலும் குறிப்பில் இருக்க வேண்டியவை ஒன்றே.

நடக்கத் தொடங்கும்போதே பட்டியலைத் தொடங்குங்கள், வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுத வேண்டாம். ஒரு பட்டியல் ஒரு மணி நேரம், ஒன்றிரண்டு கிலோமீட்டர் போதும். சமவெளியில் ஐந்து கிலோமீட்டர் நடந்தாலும் பறவை மாறாது. நம் மலையில் அப்படியல்ல. நுவரெலியா 1,868 மீட்டர். இறம்பொடைப் பக்கம் இறங்க இறங்கப் பறவைகளே வேறு. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டால் எது எந்த உயரத்தில் இருந்தது என்று யாராலும் பிரிக்க முடியாது.

எண்ணிக்கை எழுதுங்கள். “நிறைய” என்பது எண் அல்ல, “ஏறக்குறைய 40” என்பது எண். முடிவில் “அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா?” என்று செயலி கேட்கும். காகத்தையும் மைனாவையும் விட்டிருந்தால் “இல்லை” என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் எழுதி “ஆம்” என்றால்தான் அந்தப் பட்டியலில் இல்லாத பறவை உண்மையிலேயே தென்படவில்லை என்று கொள்ள முடியும்.

வலசைக்கு இதுதான் உயிர்நாடி. “செப்டம்பர் 9இல் கீச்சான் வந்தது” என்று ஒருவர் எழுதினால், 8ஆம் திகதியும் அதற்கு முன்பும் அவர் அதே மலையில் தேடிப் பார்த்து இல்லையென்று எழுதியிருந்தால் மட்டுமே அது வந்த நாள். இல்லாவிட்டால் அவர் பார்த்த நாள், அவ்வளவுதான். ஆகஸ்ட் நடுவிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை, ஒரே நேரம், ஒரே பாதை என்று வெறும் பட்டியலாவது போடுங்கள். ஒன்றும் புதிதாக இல்லாத பட்டியலும் பட்டியல்தான். வானிலையையும் ஒரு வரி எழுதுங்கள். ஹட்டன் பக்கம் தென்மேற்கு மழையும் மூடுபனியும் நிற்கும்போது ஊவாவில் காற்றும் வறட்சியுமாக இருக்கும். பறவை தெரியாமல் போனதற்குப் பனி காரணமா, பறவையே இல்லையா என்பதை அந்த வரிதான் சொல்லும்.

அரிய பறவை என்று செயலி எச்சரித்தால், புத்தகத்தில் உள்ளதைப் பார்த்து எழுதாமல் நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்: தூரம், வெளிச்சம், எந்தப் பக்கம் தெரிந்தது, வால், கால், குரல், எந்தப் பறவை அல்ல என்று ஏன் நினைத்தீர்கள். புத்தகத்தைத் திறக்கும் முன்பே எழுதிவிடுங்கள். படத்தைப் பார்த்த பிறகு கண் தானாகவே பார்க்காததையும் பார்த்ததாகச் சொல்லும்.

மெர்லின் செயலி சத்தத்தைக் கேட்டுப் பெயர் சொல்கிறதே, அதையே பதியலாமா? (லிந்துலை)

கூடாது. அது சொல்வது யோசனை. நம் காட்டில் கரிச்சானும் இலைக்குருவியும் அடுத்த பறவையின் குரலை அப்படியே பாடும். செயலி ஏமாறும். அது காட்டிய பெயரை வைத்துப் பறவையைத் தேடிக் கண்ணால் பாருங்கள், அல்லது பதிவை இரண்டு மூன்று தடவை கேட்டு ஒப்பிடுங்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும், ஆனால் இலங்கைக்கான தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும்.

அக்டோபரில் ராத்திரி வெளிச்சத்துக்கு ஒரு வண்ணக் குருவி வீட்டுக்குள் வந்து விழுந்தது. இந்த வருடமும் நடந்தால் என்ன செய்வது? (வெலிமடை)

பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, குட்டை வால் என்றால் ஆறுமணிக்குருவி. இரவில் பறந்து வருவதால் விளக்கும் கண்ணாடியும் அதைக் குழப்பும்.

முதலில் விளக்கை அணையுங்கள். பூனை, நாயைக் கிட்டே விடாதீர்கள். மெல்லிய துணியைப் போட்டு எடுத்து, துளை போட்ட சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்து மூடி, சத்தமில்லாத இடத்தில் இரண்டு மணி நேரம் விடுங்கள். பஞ்சு வேண்டாம், நகத்தில் சிக்கும். வாயில் தண்ணீர் விடாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சோறும் பாணும் அது சாப்பிடாது. இடையிடையே திறந்து பார்ப்பதுதான் பெரும்பாலும் அதைக் கொல்கிறது. தெளிந்துவிட்டால் விடியும் நேரம் புதர் ஓரமாகப் பெட்டியைச் சாய்த்துத் திறந்துவிடுங்கள், மேலே வீச வேண்டாம். சிறகு தொங்கினால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 இலக்கத்தில் அறிவியுங்கள். கூண்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம்.

விடுவதற்கு முன் காலைப் பாருங்கள். உலோக வளையம் இருந்தால் எழுத்து, எண் எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் படமெடுங்கள், வளையத்தைச் சுற்றி மூன்று பக்கமும். எந்தக் கால் என்பதையும் எழுதுங்கள். இந்தியாவில் போட்டதாக இருந்தால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அறிவிக்கும்படி ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். பறவை உயிரோடு இருந்தால் வளையத்தைக் கழற்றக் கூடாது. இறந்து கிடந்தால் கையுறை போட்டு எடுத்து, சிறகை விரித்தும் அடிப்பக்கமும் படமெடுத்து, நாள், நேரம், இடத்தோடு அனுப்புங்கள்.