கேயாசியம் என்எஃப்டி விற்றதற்கு ஏன் அவ்வளவு கோபம்?

"பிடித்தவர் வாங்கட்டும், மற்றவருக்கு என்ன வந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

1981 முதல் 'கால் ஆஃப் கதூலு' என்ற, மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதாபாத்திரங்களாக மாறி ஆடும் திகில் விளையாட்டை வெளியிட்டு வரும் அமெரிக்க நிறுவனம் கேயாசியம். 2021-ல் வீவி என்ற செயலியோடு கைகோத்து, கதூலு என்ற கற்பனை அரக்கக் கடவுளின் மார்பளவுச் சிலை போன்றவற்றை என்எஃப்டியாக, அதாவது டிஜிட்டல் கோப்பு ஒன்றுக்கான உரிமைச் சான்றாக, விற்றது. சிலை என்றால், திரையில் சுழற்றிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

இந்த விளையாட்டு எப்படி நடக்கும் என்று பாருங்கள். ஒருவர் விதிப்புத்தகம் வாங்குவார். பென்சில், நாலு பகடை, சுற்றி ஐந்து பேர். அதே புத்தகம் வருடக்கணக்கில் ஓடும், கைமாறும், ஓரம் கிழியும். பகிர்ந்துகொள்வதுதான் இதன் உயிர். என்எஃப்டியோ, எத்தனை முறையும் நகலெடுக்கக்கூடிய கோப்புக்குச் செயற்கையாகத் தட்டுப்பாடு உண்டாக்கி, விலை ஏறும் என்ற ஆசையில் விற்கப்படுவது. விளையாடுபவரைச் சூதாடியாக நடத்துகிறார்களே என்பதுதான் கோபத்தின் மையம் என்பேன். அப்புறம் மின்சாரம்: என்எஃப்டி உரிமைகளைப் பதிவுசெய்யும் பொது டிஜிட்டல் பேரேடுகளில் (பிளாக்செயின்) ஒன்றான எதீரியம், 2022 செப்டம்பர் வரை அதைத் தண்ணீராகக் குடித்தது.

2022 தொடக்கத்தில் எதிர்ப்பு முற்றவே, கேயாசியம் திட்டத்தை நிறுத்திவைத்தது. தொடக்கூடாததைத் தொட்டவர்களுக்குப் புத்தி பேதலிக்கும் விளையாட்டை விற்பவர்களுக்கே இப்படி ஆனது வேடிக்கைதான்.