பூசணிக்கொடி நிறையப் பூக்கிறது, காய் மட்டும் ஏன் பிடிப்பதில்லை?

மாடித் தொட்டியில் கொடி படர்ந்து மஞ்சள் பூவாய்ப் பூத்துத் தள்ளுகிறது, ஒரு காய்கூட நிற்கவில்லை என்கிறீர்கள். முதலில் பூவைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். வெறும் மெலிந்த நீளக் காம்பு மட்டும் இருந்தால் அது ஆண்பூ. என்ன செய்தாலும் காய்க்காது. இதழ்களுக்குக் கீழே கோலிக்குண்டு போல ஒரு குட்டிப் பூசணி ஒட்டிக்கொண்டிருந்தால் பெண்பூ. கொடி முதலில் ஆண்பூக்களாகத்தான் விடும். பெண்பூ வர ஓரிரு வாரம் ஆகலாம், பதற வேண்டாம்.

பெண்பூவும் வந்து, பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி விழுகிறதா? பெரும்பாலும் மகரந்தம் போய்ச் சேரவில்லை. பூசணி மகரந்தம் பிசுபிசுப்பானது, கனமானது. காற்று தூக்கிப் போகாது, தேனீ வர வேண்டும். பெண்பூவின் நடுவில் இருக்கும் சூல்முடியில் ஒட்டிய மகரந்தத்தூள் மெல்லிய குழாய் விட்டு, உள்ளே இருக்கும் சூல்களை எட்டுகிறது. அவை விதையாகத் தொடங்கியதும் அங்கே சுரக்கும் ஹார்மோன்தான் பிஞ்சைப் பருக்க வைக்கிறது. சில காய் ஒரு பக்கம் சூம்பிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்களே, அந்தப் பக்கம் விதை சரியாகப் பிடித்திருக்காது.

தேனீ வராவிட்டால் நீங்களே செய்யலாம். அன்று மலர்ந்த ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தேயுங்கள். காலை 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும். காலையில் பூ விரிந்திருக்கும் நேரத்தில் பூச்சிமருந்தும் அடிக்காதீர்கள். அப்புறம், மிச்ச ஆண்பூக்களை வீணாக்காமல் பஜ்ஜி மாவில் தோய்த்துப் போட்டுப் பாருங்கள்.